குணம் பார்த்து நடந்தால் கூலி வந்துவிடுமா?



"தொரை கொணம் தெரிஞ்சு நடந்துக்கணும் தம்பி."

தோட்டத்தில் பிறந்தவர் எவரும் இந்த உபதேசத்தைக் கேட்காமல் வளர்ந்ததில்லை. பாட்டன் அப்பனுக்குச் சொன்னான். அப்பன் மகனுக்குச் சொன்னான். இன்று அந்த மகன், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு தீம்பாருக்குக் கிளம்பும் தன் மகனுக்குச் சொல்கிறான். துரையின் நிறம் மாறிவிட்டது. துரை என்ற பெயரும் போய் மானேஜர் ஆகிவிட்டது. கம்பெனி கைமாறிவிட்டது. கித்தாக்காடு பாதி செம்பனையாகிவிட்டது. உபதேசம் மட்டும் மாறவில்லை.

அந்த உபதேசத்தை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

குணம் தெரிந்து நடப்பது என்றால் என்ன? மானேஜர் என்ன முகத்தோடு வண்டியை விட்டு இறங்குகிறார் என்று பார்ப்பது. முகம் சரியில்லை என்றால் உளி தீட்டுவது போலக் குனிந்துகொள்வது. தீபாவளிக்குக் கோழியும் முறுக்கும் எடுத்துக்கொண்டு பங்களாவின் பின்வாசலில் நிற்பது. மண்டோருக்கு வேண்டிய ஆளைப் பிடித்து, "நம்மளப் பத்தி ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சுவது. நல்ல நிரை கிடைத்தால் "எல்லாம் நம்ம சாமர்த்தியம்" என்று மார்தட்டுவது. அந்த நிரையை நேற்றுவரை வெட்டிய அடுத்த வீட்டுக்காரரின் கண்ணைப் பார்க்காமல் நடப்பது. இதற்குப் பெயர் சாமர்த்தியமாம்!

பயப்படுகிறவனைக் கோழை என்று ஏச நான் வரவில்லை. மேடையில் நின்று அப்படி ஏசுகிறவர்களுக்குப் பட்டணத்தில் சொந்த வீடு இருக்கும். நம் வீடு கம்பெனியின் வீடு. வேலை போனால் கூரையும் போகும். பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாறும். பயத்துக்குக் காரணம் உண்டு. அந்தப் பயத்துக்கு நாம் கண்ட மருந்துதான் விஷமாகிவிட்டது என்கிறேன்.

நான் வேலை செய்யும் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

ஓர் இளைஞன். வயது இருபத்தாறு. பட்டையில் காயம் படாமல் வெட்டும் கை. புதிதாக வந்த மானேஜரிடம், மேட்டு நிரைக்கு ஏன் கூடுதல் கிடையாது என்று ஒருநாள் பெரட்டில் கேட்டுவிட்டான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவனுக்குப் பழைய மரமும் பள்ளத்து நிரையும். மற்றவர்களுக்கு மழையால் வெட்டு நின்றால் அவனுக்கு மட்டும் கான் வெட்டும் வேலை. பால் குறைந்தால் "சோம்பேறி". பால் கூடினால் "தண்ணி கலந்திட்டியா?" இப்படி மூன்று மாதம். எல்லாம் வாய்ச்சொல். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பெரியவர்கள் அவனுக்குச் சொன்ன புத்திமதி உங்களுக்கே தெரியும். குணம் தெரிந்து நடந்துக்கோ!

ஒருநாள் காலை, அறுபது பேர் நிற்கும் களத்தில், மானேஜர் அவனுடைய செத்துப்போன தாயைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். காண்டாக் கம்பு அவன் கையில் இருந்தது.

அடி பலமில்லை. தோளில் பட்டது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் மூன்று மாதக் கணக்கும் அழிந்துபோயிற்று. அதுவரை குற்றவாளியாக இருந்தவர் பாதிக்கப்பட்டவர் ஆனார். விசாரணையில், "அடித்தாயா, இல்லையா?" என்ற ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். மானேஜர் சொன்ன வார்த்தையைக் கேட்டவர்கள் அறுபது பேர். சாட்சி சொல்லப் போனவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்கு அந்த வார்த்தை சரியாகக் காதில் விழவில்லையாம்! வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அவன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு லாரி போனபோது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அறுபது பேரில் நானும் ஒருவன். நானும் பார்க்கவில்லை.

அந்தப் பையன் அவசரக்காரன் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். கை நீட்டியது தப்புத்தான்; சங்கம் ஒருபோதும் அதை ஆதரிக்காது. ஆனால் மூன்று மாதம் அவனைத் தனியாக நிற்கவிட்டது யார்? குணம் தெரிந்து நடந்த ஐம்பத்தொன்பது பேர்தானே? அவனவன் தன் நிரையைக் காப்பாற்றிக்கொள்ளக் குனிந்தபோது, நிமிர்ந்து நின்றவன் ஒருவனாகத் தெரிந்தான். அவனைக் குறிபார்ப்பது மானேஜருக்குச் சுலபமாயிற்று.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கண்டிப்பான மானேஜர் வேறு, கொடுமைக்கார மானேஜர் வேறு. உளி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால், புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும்; பின்னால் அந்த மரத்தை வெட்ட வருகிறவன் கையொடிந்து போவான். அந்தக் காயத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இந்தச் சாய்வு சரியில்லை, இப்படிப் பிடி" என்று சொல்லிக்கொடுக்கிற மானேஜர் எத்தனை கடுமையாகப் பேசினாலும் நமக்கு எதிரியல்ல. அவரைப் பற்றிச் சங்கத்துக்குப் புகார் கொண்டுவருகிறவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். தாமதமாக வருவதும், மரத்தைப் பாதியில் விட்டு வருவதும், பிறகு "மானேஜர் மோசம்" என்பதும் தொழிற்சங்கம் அல்ல. சட்டம் ஒருவருக்கு ஒன்றும் இன்னொருவருக்கு வேறொன்றுமாக இருக்கும் இடத்தில்தான் கொடுமை ஆரம்பமாகிறது.

அந்த வேறுபாட்டை நிலைநாட்ட மானேஜருக்கு ஒரே ஓர் ஆயுதம் போதும். அது வாய்ச்சொல். "நாளையிலிருந்து நீ அந்தக் காட்டுக்குப் போ" என்று நேரில் சொல்வார், அல்லது மண்டோரிடம் சொல்லி அனுப்புவார். இந்தக் காலத்தில் கைத்தொலைபேசியில் குரலை அனுப்பிவிட்டுப் பிறகு அழித்தும் விடுவார். கேட்டால், "நான் எப்போது சொன்னேன்?" அவருடைய கோபத்தைக் கண்டு நடுங்குகிறோம். கோபம் ஆறிப்போகும். எழுத்தில் இல்லாத உத்தரவு அப்படி ஆறாது. அது மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் வந்து உட்காரும்.

கிராணிமார்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர்.எச்.நாதனும் முன்னின்ற போராட்டம் அது. அவர்களுடைய கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்புக் கேட்டார்கள். அதே பட்டியலில் இவையும் இருந்தன: பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், குறை சொல்ல வந்தவனைப் பழிவாங்கக் கூடாது, சைக்கிளில் போகிற தொழிலாளி எதிரே அதிகாரியைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். கூலிக்குப் பக்கத்தில், சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதையும் எழுதி வைத்தார்கள். அதற்குப் பதில் என்ன கிடைத்தது? அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்தச் சைக்கிள் கோரிக்கையில் வெள்ளைக்காரத் துரை மட்டும் இல்லை, கிராணிமார்களே. தோட்டத்து ஆசியச் சிப்பந்திகளும் அதில் இருந்தார்கள். நம்மவன் சைக்கிளை விட்டு இறங்கியது உங்கள் முன்னவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பழங்கதையைக் கிளறி உங்களைக் குத்த இதைச் சொல்லவில்லை. இன்றைக்கும் மானேஜரின் வாய்ச்சொல் உங்கள் பேனா வழியாகத்தான் கூலியாக மாறுகிறது. அவர் சொல்வார், எழுதுவது நீங்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு தொழிலாளி ஒருநாள் 40 கிலோ பால் கொண்டுவருகிறார். மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு நீங்கள் 35 சதவீதம் என்று எழுதினால் உலர்ந்த ரப்பர் 14 கிலோ. "எல்லாருக்கும் மூணு கொறச்சிப் போடு" என்ற வாய்ச்சொல்லைக் கேட்டு 32 என்று எழுதினால் 12.8 கிலோ. ஒருநாளில் 1.2 கிலோ மாயமாகிறது. வெட்டு நாள் 25 என்றால் மாதம் 30 கிலோ! ஒரு பிள்ளையின் சட்டைக்கும் செருப்புக்கும் ஆகிற பணம் ஒரு பென்சில் கோட்டில் போய்விடுகிறது. பால் பச்சையாக இருக்கும்போது நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பதுவரை சதவீதம் ஏறி இறங்குவது இயற்கை. மழைக்கும் மரத்துக்கும் தக்கபடி அது மாறும். அந்த இயற்கையின் மறைவில்தான் இந்தத் திருட்டு ஒளிந்துகொள்கிறது.

"எனக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, நான் என்ன செய்ய?" என்பீர்கள். உண்மைதான். தொழிலாளியைக் களத்தில் வைத்து ஏசுகிற மானேஜர், உங்களை ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு ஏசுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். வாரக் கடைசியில் அறிக்கை கேட்பதும், ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்பிக் கூப்பிடுவதும், தன் தவற்றை உங்கள் தலையில் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதும் எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தனிச் சங்கம், எங்களுக்குத் தனிச் சங்கம் என்று ஆகிவிட்டது. மானேஜர் ஒருவர்தானே?

சரி, என்ன செய்வது?

வாய்ச்சொல்லை எழுத்தாக்க வேண்டும். வழி இதுதான், வேறில்லை. வழக்கத்துக்கு மாறான உத்தரவு வந்தால், "சரிங்கய்யா, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். சீட்டு வராது, எனக்கும் தெரியும். வேலையை நிறுத்த வேண்டாம். போய்ச் செய்யுங்கள். அன்று மாலையே தேதி, காட்டு எண், யார் சொன்னது, பக்கத்தில் யார் நின்றது, எத்தனை கிலோ, எத்தனை சதவீதம், மழையா வெயிலா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளைவிட்டு எழுதச் சொல்லுங்கள். கமிட்டிக்குத் தனி ஆளாக வராமல், சாட்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

அந்த எழுத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை விசாரணையில்லாமல் நீக்க முடியாது. விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது. அந்தக் காலத்துக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்று முடிந்தால் பிடித்த பாதியையும் திருப்ப வேண்டும். சம்பளத்தில் எதையெதைப் பிடிக்கலாம் என்பதற்கும் சட்டத்தில் பட்டியல் உண்டு. மரத்தில் காயம் பட்டதற்கு அபராதம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. எடைக்கூலிக்கு வேலை செய்கிறவருக்கும் அது பொருந்தும். கூலிக் கணக்கில் தகராறு என்றால் தொழிலாளர் இலாகாவில் வழக்குப் போடலாம். அங்கே முதல் கேள்வியே, "கணக்கு இருக்கிறதா?" என்பதுதான்.

நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்றால், 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ் 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அறுபத்தோராவது நாள் வந்து அழுதால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "துரை மனசு மாறி மறுபடியும் கூப்பிடுவார்" என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! முன்பெல்லாம் அந்த மனு மந்திரியின் மேசைவரை போய், அவர் விரும்பினால்தான் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். 2021 ஜனவரி முதல் சமரசம் முறிந்தால் நேராக நீதிமன்றத்துக்கே போகிறது.

நீக்கிய கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதை எழுத்தெண்ணிப் படியுங்கள். முதலாளி எந்தக் காரணத்தைச் சொன்னாரோ அந்தக் காரணம் மெய்யா என்றுதான் நீதிமன்றம் பார்க்க வேண்டும், அவருக்காக வேறொரு காரணத்தைத் தேடிப் போகக்கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 1981-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எழுத்து நம்மை மட்டும் கட்டுவதில்லை, அவர்களையும் கட்டும்.

இன்னொன்று. ரோஷத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். நிர்வாகம் ஒப்பந்தத்தின் வேரையே அறுக்கும் காரியம் செய்து ஒருவரை வெளியேற வைத்தால், அதுவும் நீக்கமே என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதைக் கேள்விப்பட்டுவிட்டு, "மானேஜர் முறைத்தார், அதனால் போனேன்" என்று சொன்னால் எடுபடாது. அந்தக் கதவு அத்தனை அகலமில்லை. சங்கத்தைக் கேட்காமல் கடிதத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 1941-ல் உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட அந்தக் கோரிக்கை, இன்று சட்டத்தில் இருக்கிறது. பாலியல் தொல்லை பற்றி விழிப்பூட்டும் அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டியது, 2023 ஜனவரி முதல் ஒவ்வொரு முதலாளியின் கடமை. உங்கள் பெரட்டுக் களத்தில் அது இருக்கிறதா? நாளைக் காலையில் பாருங்கள். இல்லையென்றால் கமிட்டி கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். நம் பக்கத்து நிரையில் வெட்டுகிற வங்காளதேசத்துத் தோழரையும் இந்தோனேசியத் தோழரையும் மறந்துவிடாதீர்கள். அவர்களுடைய கடப்பிதழை மானேஜரின் பெட்டியில் பூட்டி வைப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அவனை அடிமையாக வைத்திருக்க விட்டுவிட்டு, நம்மை மட்டும் மனிதனாக நடத்து என்றால் எந்த மானேஜர் கேட்பார்?

லாரி போன கதையைச் சொன்னேன் அல்லவா? அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அதே தோட்டம், அதே மானேஜர். கணவரை இழந்த ஓர் அக்கா, மூன்றாவது லயத்தில் இருப்பவர். அவருடைய பிள்ளையைப் பங்களா வேலைக்கு அனுப்பச் சொன்னார் மானேஜர். "படிக்கிற பிள்ளைங்க, முடியாதுங்க" என்றார் அக்கா. அந்த மாதத்திலிருந்து அவருடைய சதவீதம் இறங்க ஆரம்பித்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. மகன் எழுதி மிச்சம் வைத்திருந்த பள்ளிக்கூட நோட்டில் தினமும் எழுதினார். ஸ்டோரில் கிராணி படித்துச் சொன்ன எண் ஒரு பக்கம், சம்பளச் சீட்டில் வந்த எண் ஒரு பக்கம். நான்கு மாதம். பிறகு அந்த நோட்டைக் கமிட்டியின் முன் வைத்தார். பையன் லாரியில் போனதைப் பார்க்காமல் நின்ற எனக்கு, அந்த நோட்டை வாங்கிப் பார்க்கக் கை கூசியது.

நோட்டு மட்டும் போதாது என்று எங்களுக்குத் தெரியும். "அவளே எழுதிக்கொண்டது" என்று தள்ளிவிடுவார்கள். கிராணி ஐயாவிடம் போனோம். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற மனுஷர். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ஸ்டோரில் அளக்கும்போது பென்சிலால் குறிக்கிற தன் கைப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அக்காவின் எண்ணும் அந்தப் புத்தகத்தின் எண்ணும் நாளுக்கு நாள் ஒத்துப்போயின. செக்ரோலில் இருந்த எண்தான் ஒத்துப்போகவில்லை.

தொழிலாளர் இலாகாவில் மனுப் போட்டோம். விசாரணைத் தேதிக்கு முன்பே கம்பெனி இறங்கி வந்து, நான்கு மாத வித்தியாசத்தையும் கொடுத்தது. அதே மாதிரி குறைக்கப்பட்ட இன்னும் பதினொரு பேருக்கும் கொடுத்தது. அந்தப் பதினொரு பேரும் அதுவரை வாய் திறக்காதவர்கள். குணம் தெரிந்து நடந்தவர்கள்.

மானேஜரை மாற்றவில்லை. இன்றைக்கும் களத்தில் சத்தம் போடுகிறார். கிராணி ஐயாவைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து தொலைவிலுள்ள டிவிஷனுக்குப் போகச் சொன்னார். "சரிங்க, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டார் கிராணி ஐயா. இதை எழுதுகிறவரை சீட்டும் வரவில்லை, அவரும் போகவில்லை.